நுவரெலியாவிலிருந்து கிழக்குக் கடற்கரை வரை வழிகாட்டியோடு சைக்கிளில் போகலாமா?

கேட்டவர் திருச்சிக்காரர், வயது 41. வாரக் கடைசியில் 30, 40 கிலோமீட்டர் சைக்கிள் ஓட்டுகிறாராம். இலங்கை மலையகத்தில் தொடங்கி கிழக்குக் கடற்கரையில் முடிகிற ஏழு நாள் பயணம் தன் உடம்புக்குத் தாங்குமா, வழிகாட்டி கட்டாயம் வேண்டுமா, தனியாகப் போக முடியாதா என்று கேட்டிருக்கிறார்.

உடம்பு தாங்கும். தாராளமாக வாருங்கள். ஆனால் வழிகாட்டியோடு வாருங்கள். அதிலும் தமிழ் பேசுகிற, தேயிலைத் தோட்டங்களை அறிந்த ஒருவராகப் பார்த்துத் தேடுங்கள். இந்தக் கடைசி விஷயத்தைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் அப்புத்தளைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவன். இங்கிருந்து கீழே இறங்குகிற ரோட்டை சின்ன வயதிலிருந்தே தெரியும். 2022இல் பெட்ரோலுக்கு நாள் கணக்கில் வரிசையில் நின்ற காலத்தில் ஊரெல்லாம் சைக்கிள் தேடியது. நானும் ஒரு பழைய சைக்கிளை வாங்கி, ஒரு நாள் தனியாகவே மலையடிவாரத்து வெல்லவாயவுக்கு இறங்கினேன். தெரிந்த ரோடுதானே என்ற நினைப்பு. கொஸ்லந்தைக்கு முன்னால் ஒரு வளைவில் பின் பிரேக் பிடிக்கவில்லை. முன் பிரேக்கை மட்டும் இறுக்கினால் தலைகுப்புற விழுவேன். எதிரே பஸ். இடது பக்கம் கான் (ரோட்டோர வடிகால்), அதற்கு அந்தப் பக்கம் மண் திட்டு. திட்டிலேயே சைக்கிளைக் கொண்டுபோய் மோதினேன். முழங்கையில் தோல் போனதோடு தப்பியது. பிரேக் கட்டையைப் பார்த்தால் ரப்பர் முழுக்கத் தேய்ந்து உள்ளே இரும்பு தெரிந்தது. அடுத்த வளைவில் மண் திட்டும் இல்லை, பள்ளம்தான். அதை நினைத்தால் இப்போதும் உள்ளங்கை வேர்க்கிறது.

அதற்குப் பிறகு 2024 மார்ச்சில், நுவரெலியாவில் தொடங்கி மட்டக்களப்பில் முடிகிற ஏழு நாள் பயணம் ஒன்றில் சேர்ந்தேன். ஓட்டுகிறவர்கள் ஏழு பேர், ஒரு வழிகாட்டி, பின்னால் ஒரு வேன். வழிகாட்டி ஹல்துமுல்லைப் பக்கத்துத் தம்பி, முப்பது வயது இருக்கும். சொந்த ஊரிலேயே ஏன் வழிகாட்டியோடு போகிறாய் என்று வீட்டில் கேட்டார்கள். போய் வந்த பிறகு கேட்கவில்லை.

முதல் நாள் நுவரெலியாவிலிருந்து பண்டாரவளை. 1,868 மீட்டர் உயரத்தில் விடியற்காலையில் புறப்படும்போது கைவிரல் விறைக்கும், கையுறை கொண்டு வாருங்கள். சீதா எலிய கோவிலில் ஒரு கும்பிடு, ஹக்கல பூங்கா வாசலில் ஒரு பிளேன்டீ, அதற்குப் பிறகு வெலிமடை வரை பெரும்பாலும் இறக்கம். இரண்டு பக்கமும் உருளைக்கிழங்கு, லீக்ஸ், கரட் தோட்டம். கெப்பெட்டிபொலயில் மரக்கறிச் சந்தை இருப்பதால் காலையில் லொறி நெரிசல் அதிகம். அங்கே மட்டும் ஒருவர் பின் ஒருவராகப் போக வேண்டும். வெலிமடை தாண்டினால் ஏற்றம். முதல் நாளே தொடையைச் சோதித்துவிடும், ஆனாலும் பயப்படும்படி ஒன்றும் இல்லை. முடியாதவர்கள் வேனில் ஏறிக்கொள்ளலாம். எங்களில் இரண்டு பேர் ஏறினார்கள்.

இரண்டாம் நாள்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. பண்டாரவளையிலிருந்து அப்புத்தளை, அங்கிருந்து தம்பேதன்ன, அதற்கு மேலே லிப்டன் சீட். தம்பேதன்ன தேயிலைத் தொழிற்சாலை தோமஸ் லிப்டன் 1890இல் கட்டியது. அதைத் தாண்டி ஏழு கிலோமீட்டர், ஒரு வாகனம் போகும் அகலத்தில் தேயிலைக்கு நடுவே வளைந்து வளைந்து ஏறும் ரோடு. உச்சி 1,970 மீட்டர் அளவு. தெளிந்த காலையில் தெற்கே கீழ்நாடு முழுவதும் விரிந்து கிடக்கும். அதன் ஓரத்தில் ஒரு வெள்ளைக் கோடு மினுங்கும். அதுதான் கடல். நாங்கள் போன அன்று ஒரு பத்து நிமிடம் தெரிந்தது, பிறகு மிஸ்ட் மூடிவிட்டது.

இறங்கி வரும்போது கொழுந்து எடுக்கும் பெண்கள் பத்து மணித் தேத்தண்ணிக்கு ரோட்டோரம் உட்கார்ந்திருந்தார்கள். எங்களோடு வந்த ஒரு வெளிநாட்டுத் தம்பதி உடனே கேமராவை எடுத்தார்கள். வழிகாட்டித் தம்பி கையைக் காட்டி அவர்களை நிறுத்திவிட்டு, சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு, அந்தப் பெண்கள் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். "அக்கா, இன்னைக்கு எந்த மலை? கொழுந்து இருக்கா?" என்று பேச்சைத் தொடங்கினான். மழை இல்லாமல் கொழுந்து குறைந்துபோனது, சிறுத்தை ஒன்று நாயைத் தூக்கிப் போனது என்று அவர்களும் பேச ஆரம்பித்தார்கள். எங்கள் குழுவில் துறையூர்க்காரர் ஒருவர் இருந்தார். அவர் ஊர் பெயரைச் சொன்னதும் அதில் வயதான அம்மா ஒருவர் கையில் இருந்த ரொட்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"தொறையூரா? எங்க அப்பாயி முசிறி முசிறின்னு சொல்லிக்கிட்டே இருக்கும். அதுவும் பாத்ததில்ல, அதோட அப்பா சொன்னது. ஆத்துல இப்ப தண்ணி வருதா தம்பி?"

துறையூர்க்காரருக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. பிறகு போனை எடுத்து முசிறிக் காவிரிப் பாலத்தில் எப்போதோ பிடித்த படத்தைத் தேடிக் காட்டினார். அந்த அம்மா கொழுந்துக் கறை படிந்த விரலை முந்தானையில் நன்றாகத் துடைத்துவிட்டுத்தான் போனை வாங்கினார். மற்றப் பெண்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். வெளிநாட்டுத் தம்பதிக்கு நடந்ததைத் தம்பி விளக்கிச் சொன்னான். போகும்போது அந்தப் பெண்களே கூப்பிட்டு, எல்லாரும் சேர்ந்து ஒரு படம் எடுக்கச் சொன்னார்கள்.

மொழி தெரியாத வழிகாட்டியாக இருந்திருந்தால் அந்த இடத்தில் இரண்டு நிமிடம் நின்று படம் எடுத்துக்கொண்டு போயிருப்போம். தேயிலைத் தோட்டங்களில் தினமும் அதுதான் நடக்கிறது. அந்தப் பெண்களை மலையோடு சேர்ந்த ஒரு காட்சியாகப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். எனக்கு அது சின்ன வயதிலிருந்தே வலிக்கிற விஷயம். என் அம்மாவும் அந்தக் கூடையைச் சுமந்தவர்தான். நீங்கள் திருச்சியிலிருந்து வருகிறீர்கள். உங்கள் ஊர்ப் பக்கத்திலிருந்து கிளம்பிக் கப்பலேறி, மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டு வழியே நடந்து இந்த மலைக்கு வந்தவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இங்கே இருப்பது. அந்த வருகைக்கு 200 ஆண்டு ஆனதை நினைத்து 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை எங்கள் சனம் மறுபடி நடந்தது. உங்களிடமும் ஊர் பெயரைக் கேட்பார்கள். பதில் சொல்ல நேரம் வைத்துக்கொண்டு வாருங்கள்.

மூன்றாம் நாள் இறக்கம். அப்புத்தளை 1,431 மீட்டர், வெல்லவாய 200 மீட்டர் அளவு. நாற்பது சொச்சம் கிலோமீட்டருக்குள் அவ்வளவு உயரத்தையும் இழக்கிறோம். வழிகாட்டிக்குக் கொடுக்கும் காசு முழுவதும் இந்த ஒரு நாளுக்கே தகும். காலையில் ஏழு சைக்கிளின் பிரேக்கையும் ஒவ்வொன்றாகப் பார்த்தான், இரண்டில் கட்டையை மாற்றினான். அப்புறம் பெரகலைச் சந்தியில் நிறுத்திச் சொல்லிக் கொடுத்தான். பிரேக்கை விடாமல் தேய்த்துக்கொண்டே இறங்கக் கூடாது. வளைவுக்கு முன்னால் இரண்டு பிரேக்கையும் சேர்த்து அழுத்தி வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவுக்குள் பிரேக்கைத் தளர்த்திவிட வேண்டும். கான் ஓரமாக ஒட்டி ஓட்டக் கூடாது, சருகும் மணலும் அங்கேதான் சேரும். பின்னால் பஸ் ஹோர்ன் அடித்தால் பதறாமல், அகலமான இடம் வந்ததும் ஒதுங்கி வழிவிட வேண்டும்.

மூன்று கிலோமீட்டருக்கு ஒரு தடவை எல்லாரையும் நிறுத்தி, புறங்கையைச் சக்கரத்து ரிம்முக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்ப்பான். சூடு அடித்தால் பத்து நிமிடம் நிறுத்தம். ஒரு இடத்தில் என் ரிம்மில் கை வைத்துப் பார்த்தேன், அடுப்பிலிருந்து இறக்கிய தோசைக்கல் மாதிரி இருந்தது. 2022இல் என்ன நடந்தது என்பது எனக்கு அப்போதுதான் சரியாகப் புரிந்தது.

கொஸ்லந்தையில் ஒரு கடையில் ரொட்டியும் கட்டச்சம்பலும் சாப்பிட்டோம். சாப்பிட்டு முடித்ததும் தம்பி மேலே மலையைப் பார்த்துக் கை காட்டி மீரியபெத்தைத் தோட்டத்தைப் பற்றிச் சொன்னான். 2014 ஒக்டோபர் 29 காலையில், பெருமழைக்குப் பிறகு, அந்த மலைச்சரிவு இறங்கி லயங்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று முன்பே எச்சரிக்கை இருந்தது. சனத்துக்குப் போக வேறு இடம் இருக்கவில்லை. அவன் குரலை உயர்த்தாமல் சொன்னான், நாங்களும் ஒன்றும் கேட்கவில்லை. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் தியலும நீர்வீழ்ச்சி ரோட்டிலிருந்தே தெரியும், 220 மீட்டர் உயரம். மார்ச்சில் தண்ணீர் மெல்லிய நூல்போலத்தான் விழும். அந்தக் கதைக்குப் பிறகு எங்களில் யாருக்கும் அங்கே அதிக நேரம் நிற்க மனம் வரவில்லை.

நான்காம் நாள், வெல்லவாயவிலிருந்து புத்தல வழியாக மொனராகலை. தட்டையான ரோடு, கொளுத்தும் வெயில். மலையில் குளிருக்குப் போட்ட ஜெர்சியைப் பையில் வைத்துவிட்டு மெல்லிய சட்டை போட்டுக்கொள்ளுங்கள். வழியெல்லாம் செவ்விளநீர் கிடைக்கும்.

ஐந்தாம் நாள் சியம்பலாண்டுவ தாண்டி லாகுகல காட்டுக்குள் ரோடு போகிறது. யானைக் காடு. விடியலிலும் மாலையிலும் யானைகள் ரோட்டைக் கடக்கும் என்பதால் ஒன்பது மணிக்குப் பிறகுதான் காட்டுக்குள் விட்டான். கொஞ்ச தூரம் போனதும் முன்னால் போன தம்பி கையைத் தூக்கினான். ரோட்டில் யானை லத்தி, இன்னும் ஈரம் காயவில்லை. பக்கத்தில் முறிந்த கொப்பு. அவன் ஒரு நிமிடம் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, "எல்லாரும் வேன்ல ஏறுங்க, சைக்கிளைத் தூக்குங்க" என்றான். கொழும்பிலிருந்து வந்த ஒருவருக்கு மனவருத்தம், முழுத் தூரத்தையும் மிதித்தே முடிக்க வேண்டும் என்பது அவர் ஆசை. தம்பி மறுபேச்சு பேசவில்லை, அவர் சைக்கிளைத் தானே தூக்கி வேனில் வைத்தான். அரைக் கிலோமீட்டர் தாண்டியதும் வலது பக்கம் புதருக்குள் தனி ஆண் யானை ஒன்று காதை ஆட்டிக்கொண்டு நின்றது. ரோட்டிலிருந்து இருபது அடிகூட இருக்காது. கொழும்புக்காரர் அதற்குப் பிறகு பொத்துவில் வரை தம்பியின் தோளில் கை போட்டபடி வந்தார்.

பொத்துவிலில் கடலைப் பார்த்ததும் துறையூர்க்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு அலைக்குள் போய் நின்றார். கடைசி இரண்டு நாளும் கரையோரம்தான். கோமாரி, திருக்கோவில், அக்கரைப்பற்று, கல்முனை, கடைசியில் மட்டக்களப்பு. ரோடு தட்டை, இடது பக்கம் வயலும் களப்பும், வலது பக்கம் தென்னைக்கு அப்பால் கடல். எதிர்க்காற்று மட்டும் பின்னேரத்தில் வாட்டும். திருக்கோவிலில் சித்திரவேலாயுத சுவாமி கோவில் கடலைப் பார்த்தபடி இருக்கிறது, வெயில் ஏறுமுன் அங்கே போய்விடுங்கள். 2004 சுனாமியில் இலங்கையிலேயே அதிகம் உயிர் போனது இந்த அம்பாறை மாவட்டத்தில்தான். கரையோரக் கிராமங்களில் நினைவுத் தூபிகளைப் பார்ப்பீர்கள். கண்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அவர்களாகப் பேசினால் கேளுங்கள்.

காலம் பற்றி: பெப்ரவரி கடைசியிலிருந்து மார்ச் முடியும் வரை நல்லது. ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை அப்புத்தளை இருக்கிற ஊவாப் பக்கமும் கிழக்கும் மழையில் நனையும், மண்சரிவுப் பயமும் உண்டு. ஜூன், ஜூலையில் அப்புத்தளைக் கணவாயில் அடிக்கிற காற்று சைக்கிளை ரோட்டுக்குக் குறுக்கே தள்ளும். மார்ச்சிலும் பின்னேரம் இடி மழை வரலாம், காலை ஆறு மணிக்குத் தொடங்கி பகல் ஒரு மணிக்குள் முடிக்கிற பயணமாகப் பாருங்கள். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலில் மலையகத்து ரோடுகள் பல இடத்தில் சரிந்தன. எந்த ரோடு எப்படி இருக்கிறது என்று காசு கட்டும் முன் கேட்டுவிடுங்கள்.

வேறு என்ன கேட்பது? வழிகாட்டியிடம் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையின் அனுமதி அட்டை இருக்கிறதா, வேன் முழு நேரமும் பின்னால் வருமா, டிஸ்க் பிரேக் உள்ள சைக்கிள் தருவார்களா, மாற்றுக் கட்டை கையில் வைத்திருப்பார்களா. கடைசியாக, தோட்டத்து ஆட்களோடு தமிழில் பேசக்கூடியவரா. பேசுவார் என்று ஏஜென்சிக்காரர் சொன்னால் நம்பிவிடாமல், அவரையே போனில் கூப்பிட்டு ஐந்து நிமிடம் பேசிப் பாருங்கள். "லயம்", "கொழுந்து", "மலை" என்றெல்லாம் வாயில் தானாக வருகிறதா என்று கவனியுங்கள்.

தயாராவதற்கு உங்களுக்கு நல்ல இடம் பக்கத்திலேயே இருக்கிறது. இப்போது ஓட்டுகிற 40 கிலோமீட்டரை மெதுவாக 60 ஆக்குங்கள். பிறகு நாமக்கல் வழியாகக் கொல்லிமலைக்கு ஒரு நாள் போய்வாருங்கள். ஏறுவதைவிட அந்த 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்குவதுதான் உங்களுக்கு வேண்டிய பயிற்சி. அவசரப்படாமல் நிறுத்தி நிறுத்தி இறங்குங்கள், ஒவ்வொரு தடவையும் புறங்கையால் சூட்டைப் பாருங்கள்.