மாமாவைத் தூக்கிக் கட்டிலில் வளர்த்தினோம், அது குற்றமா?

வலிகாமத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். ஊர்ப் பெயரை விட்டுவிட்டு, கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

"தனியாக இருந்த எங்கள் பெரிய மாமா ஒரு விடியற்காலை குசினி வாசலில் குப்புறக் கிடந்தார். தலையில் காயம். பால் கொண்டுவந்த பெடியன்தான் முதலில் கண்டு கத்தினான். நாங்கள் ஓடிப்போய்த் தூக்கிக் கட்டிலில் வளர்த்தினோம். முகத்தைத் துடைத்து வேட்டியும் மாற்றினோம். அம்மா குசினியைக் கழுவியும் விட்டா. அதற்குப் பிறகுதான் பொலிஸுக்குச் சொன்னோம். வந்தவர்கள் எங்களைத்தான் ஏசினார்கள். பிரேதம் 2 நாள் கழித்தே கிடைத்தது. அதையும் எரிக்கக்கூடாது, புதைக்க வேண்டும் என்று உத்தரவு. போட்டிருந்த சங்கிலி இன்னும் வரவில்லை. நாங்கள் செய்தது குற்றமா? ஏன் எங்களை இப்படி அலைக்கழித்தார்கள்?"

சட்ட வைத்தியப் பிரிவில் பல வருடம் வேலை செய்தவன் என்ற முறையில் இதே கேள்வியைப் பிரேத அறை வாசலில் எத்தனையோ பேர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அங்கே நின்றபடி ஆறுதலாகப் பதில் சொல்ல நேரம் கிடைப்பதில்லை. இப்போது சொல்கிறேன்.

பதற்றத்தில் தூக்கியது குற்றமில்லை. மூச்சு இருக்கிறதா என்று பார்க்கத்தான் வேண்டும், உயிர் இருந்தால் காப்பாற்றத்தான் வேண்டும். அந்த நேரத்தில் தடயத்தை யோசிப்பவன் மனுசனில்லை. இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையின் 198ஆம் பிரிவு தண்டிப்பது வேறொன்றை: குற்றவாளியைக் காப்பாற்றும் நோக்கத்தோடு சாட்சியத்தை இல்லாமல் செய்வதையும், அதற்காகப் பொய்த் தகவல் கொடுப்பதையும். உங்கள் அம்மா குசினியைக் கழுவியது இரத்தத்தைப் பார்க்கச் சகிக்காமல். இரண்டுக்கும் இடையில் நிற்பது நோக்கம்தான். ஆனால் நோக்கத்தை யாரும் உங்கள் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. நீங்கள் சொன்ன கதையும் பிரேதம் காட்டுகிற கதையும் ஒத்துப்போகிறதா என்றுதான் பார்ப்பார்கள்.

அது எப்படி என்பதைக் கொஞ்சம் விளக்குகிறேன், ஏனென்றால் உங்கள் பிரச்சினை முழுவதும் இங்கேதான் இருக்கிறது.

இதயம் நின்றதும் இரத்தம் ஓடாது. குளத்துத் தண்ணீர் பள்ளத்துக்குப் போவது போல உடம்பின் கீழ்ப்பக்கமாக இறங்கித் தேங்கும். 2 முதல் 4 மணித்தியாலத்தில் அந்தப் பக்கத்துத் தோல் ஊதாவும் சிவப்புமாக நிறம் மாறுவதைக் கண்ணாலே பார்க்கலாம். தரையில் அழுந்தியிருந்த இடம் மட்டும் வெளிறியிருக்கும். பாயில் கிடந்தவரின் முதுகில் பாயின் பின்னல்கூட வெள்ளை வரியாகப் பதிந்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். 6 முதல் 12 மணித்தியாலத்துக்குள் அந்த நிறம் பெரும்பாலும் உறைந்துவிடும். அதற்குப் பிறகு பிரேதத்தைப் புரட்டினாலும் நிறம் இடம் மாறாது.

இப்போது உங்கள் மாமாவை எடுங்கள். இரவு விழுந்தவர் விடியும்வரை குப்புறக் கிடந்திருந்தால் நெஞ்சும் வயிறும் முகமும் கறுத்திருக்கும், முதுகு சுத்தமாக இருக்கும். ஆனால் பொலிஸ் வந்தபோது அவர் கட்டிலில் மல்லாந்து படுத்திருக்கிறார். பிரேதப் பரிசோதனை செய்யும் சட்ட வைத்திய அதிகாரி பார்த்த உடனே எழுதுவது ஒன்றே ஒன்று: இந்த உடம்பு இறந்து சில மணித்தியாலத்துக்குப் பிறகு இடம் மாற்றப்பட்டிருக்கிறது. யார் மாற்றினார்கள், ஏன் மாற்றினார்கள் என்பது உடம்பில் எழுதியிருக்காது. "நாங்கள்தான் தூக்கினோம், விடியற்காலை இத்தனை மணிக்கு" என்று வீட்டார் வாக்குமூலத்தில் சொல்லியிருந்தால் விடயம் அதோடு முடிந்தது. சொல்லாமல் விட்டிருந்தால், வேறு எங்கோ அடித்துக் கொண்டுவந்து கட்டிலில் போட்டார்கள் என்று விசாரணை தடம் மாறும். அப்புறம் அந்தத் தடத்தின் முடிவில் நிற்பது வீட்டுக்காரர்தான்.

முகத்தைத் துடைத்ததிலும் ஒரு நட்டம் இருக்கிறது. காயத்திலிருந்து வழிந்த இரத்தம் காயும்போது ஒரு கோடாக நிற்கும். அது நெற்றியிலிருந்து கன்னம் வழியாகக் கழுத்துக்கும் சட்டைக்கும் இறங்கியிருந்தால், அடி விழுந்த பிறகும் ஆள் நின்றிருக்கிறார் அல்லது இருந்திருக்கிறார். மூக்கு நுனியை நோக்கி மட்டும் போயிருந்தால் விழுந்த கையோடு குப்புறக் கிடந்திருக்கிறார். தடுக்கி விழுந்து படியில் தலை அடிபட்டதா, யாரும் பொல்லால் அடித்தார்களா என்று பிரிப்பதற்கு இந்தக் கோடு சில வேளை காயத்தை விட உதவும். ஒரு ஈரத் துவாய் போதும், அது போய்விடும்.

சரி, போனது போகட்டும். மாற்றிய பழைய வேட்டி எங்கே? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. தோய்த்துக் கொடியில் போட்டிருந்தாலும் எடுத்து, கடதாசி உறையில் வைத்து, விசாரணை செய்யும் பொலிஸ் நிலையத்தில் கொடுங்கள். தோய்த்த துணியின் இழைக்குள்ளும் இரத்தம் பிடிபடுவது உண்டு. சொப்பிங் பையில் போட வேண்டாம். பிளாஸ்டிக்குக்குள் ஈரம் வேர்த்துப் பூஞ்சணம் பிடித்தால் பிறகு அரச இரசாயன பகுப்பாய்வுத் திணைக்களத்துக்கு அனுப்பியும் பிரயோசனமில்லை. மாமாவின் இரண்டு கைகளிலும் கடதாசிப் பை கட்டியிருந்ததை நீங்கள் பார்த்திருந்தால் காரணம் இதுதான். நகத்துக்குள் அடித்தவனின் தோலோ முடியோ இருக்கலாம். அது உதிரவும் கூடாது, புழுங்கவும் கூடாது.

தாமதத்துக்கு வருவோம். பொலிஸ் வேண்டுமென்று இழுத்தடித்ததாக நினைக்கிறீர்கள். இப்படியான மரணத்தில் பிரேதம் பொலிஸின் கையிலும் இல்லை, குடும்பத்தின் கையிலும் இல்லை. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையில் 369 முதல் 373 வரையான பிரிவுகள் இதற்கென்றே இருக்கின்றன. நீதவானோ திடீர் மரண விசாரணை அதிகாரியோ வந்து பார்த்து உத்தரவிடும்வரை பொலிஸாரும் பிரேதத்தை எடுப்பதில்லை. கொலை என்று சந்தேகம் வந்தால் பெரும்பாலும் நீதவானே இடத்துக்கு வருவார். அதற்கு முன் தடயவியல் பொலிஸார் படம் எடுத்து, அளந்து, கைரேகை தேட வேண்டும். பிறகுதான் வைத்தியசாலைப் பிரேத அறை. அங்கே உறவினர் ஆளை அடையாளம் காட்ட வேண்டும். தேவையென்றால் வெட்டுவதற்கு முன் எக்ஸ்ரே எடுப்பார்கள். இத்தனையும் முடிந்து 2 நாள் என்றால், என் அனுபவத்தில் அது நீண்ட நேரமில்லை. நம் ஊர்ச் செத்தவீட்டில் பந்தல் போட்டுச் சனம் கூடியிருக்க, வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் தொலைபேசியில் அழ, ஒரு மணித்தியாலம் ஒரு நாளாகத் தெரியும். அது எனக்கும் தெரியும்.

அவசரத்தில் ஒன்றை மட்டும் செய்துவிடாதீர்கள் என்று இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் சொல்ல வேண்டும். பிள்ளைகள் கனடாவிலிருந்து வரும்வரை வைக்க வேண்டும் என்று பரிசோதனைக்கு முன்பே பிரேதம் கெடாமலிருக்க மருந்தேற்றச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அந்த மருந்து இரத்தத்தோடும் ஈரலோடும் கலந்துவிட்டால் நஞ்சு இருந்ததா என்று தேடுவதே குழம்பிவிடும். மருந்தேற்றுவது எப்போதும் பரிசோதனை முடிந்து பிரேதம் கையில் கிடைத்த பிறகுதான்.

வெட்டுவதைப் பற்றியும் நேரடியாகக் கேட்கத் தயங்கியிருக்கிறீர்கள், கடிதத்தில் தெரிகிறது. நெஞ்சிலிருந்து கீழ்வயிறு வரை ஒரு வெட்டு. தலையைப் பார்ப்பதற்கு ஒரு காதடியிலிருந்து மறு காதடிக்கு, உச்சிக்குப் பின்பக்கமாக, முடிக்குள் மறையும்படி இன்னொன்று. முகத்தில் கை வைப்பதில்லை. எல்லாம் தைத்துத்தான் தருவார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து எண்ணெய் அரப்பு வைப்பதற்கோ, பொற்சுண்ணம் இடிப்பதற்கோ, வாய்க்கரிசி போடுவதற்கோ எந்தத் தடையுமில்லை. குளிப்பாட்டும்போது தைத்த இடத்தில் தண்ணீரை ஓங்கி ஊற்றாமல் ஈரத் துணியால் ஒற்றினால் போதும்.

புதைக்கச் சொன்னதுதான் உங்களுக்குப் பெரிய மனவருத்தம். தலைமுறை தலைமுறையாக எரித்த குடும்பம், சாம்பல் கரைக்கிற கீரிமலையில் சாம்பலே இல்லாமல் என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். சமயம் என் துறையில்லை. உங்கள் குருக்களிடம் கேளுங்கள், புதைத்தவர்களுக்கும் அந்தியேட்டிக் கிரியை செய்கிறார்கள். உத்தரவின் காரணத்தை மட்டும் நான் சொல்லலாம். கொலைச் சந்தேகம் உள்ள வழக்கில் இப்படி உத்தரவிடுவது வழமை. நாளைக்கு ஒரு சந்தேகநபர் பிடிபட்டு, "நான் பொல்லால் அடிக்கவில்லை, அவர் விழுந்தார்" என்று சொன்னால், மண்டையோட்டின் வெடிப்பைத் திரும்பப் பார்க்க வேண்டி வரலாம். அப்போது நீதவான் உத்தரவிட்டுத் தோண்டி எடுக்க முடியும். சாம்பலில் எதைத் தேடுவது? மண்ணுக்குள் எலும்பு எவ்வளவு காலம் நிற்கும் என்பது யாழ்ப்பாணத்தாருக்கு யாரும் சொல்லித்தர வேண்டிய விடயமில்லை. செம்மணிப் புதைகுழிகளில் 1999இல் நீதிமன்ற மேற்பார்வையில் தோண்டியபோது 15 பேரின் எச்சங்கள் கிடைத்தன. 2025இல் அதே பகுதியில் சித்துப்பாத்தி மயானத்தில் 200க்கும் மேற்பட்ட மனித எலும்புக்கூடுகள் வெளிவந்தன.

உத்தரவை மாற்றவே முடியாது என்றில்லை. சட்ட வைத்திய அதிகாரி இனி உடம்பு தேவையில்லை என்று சொன்னால், எரிக்க அனுமதி கேட்டு ஒரு சட்டத்தரணி மூலம் நீதவானிடம் விண்ணப்பிக்கலாம். ஆனால் அதை அடக்கம் செய்வதற்கு முன் கேட்டிருக்க வேண்டும். உங்களுக்கு யாரும் சொல்லவில்லை, அது அவர்கள் பிழைதான்.

ஏசியதைப் பற்றி: துக்கத்தில் நிற்கும் வீட்டில் சத்தம் போடுவது எந்தச் சட்டத்திலும் இல்லை. 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் குற்றத்தால் பாதிக்கப்பட்டோரையும் சாட்சிகளையும் பாதுகாப்பதற்கென்றே வந்தது. கொல்லப்பட்டவரின் குடும்பமும் அதற்குள் அடங்கும். மரியாதையாக நடத்தப்படுவது உங்கள் உரிமை, யாரும் போடும் பிச்சையில்லை. பொலிஸ் காவலில் ஒருவர் இறந்தால் நிலைமை வேறு. அங்கே முன்பு சொன்ன குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 371ஆம் பிரிவின்படி நீதவானே விசாரிக்க வேண்டும். 2023 நவம்பரில் வட்டுக்கோட்டைப் பொலிஸார் கைது செய்த இளைஞர் இறந்தபோது யாழ். நீதவான் விசாரணையில்தான் விடயம் வெளியே வந்தது, பொலிஸாரே கைதானார்கள். உங்கள் வழக்கு அந்த வகையில்லை. ஆனாலும் ஏச்சு தொடர்ந்தால் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் யாழ்ப்பாணப் பிராந்திய அலுவலகத்துக்கு எழுதலாம்.

இனிச் செய்ய வேண்டியது. முதல் வாக்குமூலத்தில் தூக்கியது, துடைத்தது, வேட்டி மாற்றியது, குசினி கழுவியது எல்லாம் சொன்னீர்களா என்று வீட்டில் இருந்து யோசியுங்கள். ஏதும் விடுபட்டிருந்தால் திரும்பப் போய் மேலதிக வாக்குமூலம் கொடுங்கள். யார் தலைப்பக்கம் பிடித்தது, யார் கால்பக்கம், எத்தனை மணி, எந்தத் துவாய் என்று அந்த அளவுக்குச் சொல்லுங்கள். பால்காரப் பெடியனும் தான் கண்ட கோலத்தைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மாமா குப்புறக் கிடந்ததைத் தொடாமல் பார்த்தவன் அவன் ஒருவன்தான். வாக்குமூலத்தைத் தமிழில் எழுதச் சொல்லுங்கள், வாசித்துக் காட்டாமல் கையெழுத்து வைக்காதீர்கள். எழுதியவருக்குத் தமிழ் சரிவராது என்றால் தமிழ் தெரிந்த ஒருவரைக் கூப்பிடச் சொல்லுங்கள், மாலை வரை காத்திருந்தாலும் பரவாயில்லை. பக்கத்து வீட்டுப் பொடியன்கள் யாரும் அன்று காலை தொலைபேசியில் படம் எடுத்திருந்தால் அதை அழிக்காமல் பொலிஸுக்குக் கொடுக்கட்டும், வட்ஸ்அப்பில் சுற்றவிட வேண்டாம்.

மரணச் சான்றிதழில் காரணம் இன்னும் முடிவாகவில்லை என்று இருந்தால் பயப்படாதீர்கள். உடல் மாதிரிகளின் அறிக்கை வர மாதங்கள் எடுக்கும். பரிசோதனை அறிக்கை நீதிமன்றத்துக்குத்தான் போகும். உறுதிப்படுத்திய பிரதியை அங்கே விண்ணப்பித்துக் கேட்க வேண்டும், பிரேத அறையில் நின்று கேட்டுப் பிரயோசனமில்லை. பாதிக்கப்பட்டவர் பக்கத்தில் சட்டத்தரணி ஒருவர் ஆஜராகலாம். செலவு தாங்காது என்றால் யாழ்ப்பாணத்தில் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகம் இருக்கிறது.

சங்கிலி சான்றுப் பொருளாக நீதிமன்றத்தின் பொறுப்பில் இருக்கும். அதைப் பொலிஸ் நிலையத்தில் கேட்டால் அவர்களால் தர முடியாது. முதலில் அது சான்றுப் பொருட்களின் பட்டியலில் ஏறியிருக்கிறதா என்று சட்டத்தரணி மூலம் பாருங்கள். ஏறியிருந்தால், படம் எடுத்து வைத்துவிட்டு, கேட்டால் திரும்பக் கொண்டுவருவோம் என்ற பிணைமுறியில் விடுவிக்கும்படி நீதவானிடம் கேட்கலாம். போகும்போது மாமா அந்தச் சங்கிலியோடு நிற்கும் பழைய கலியாணப் படம் ஒன்றையும், நகைக்கடைப் பற்றுச்சீட்டு அலுமாரியில் கிடந்தால் அதையும் எடுத்துக்கொண்டு போங்கள்.