விளக்குகளின் நடுவே உலாவுகிறவர்: வாசகர் கேள்வியும் பதிலும்

கேள்வி: எங்கள் ஊர் களியக்காவிளையைத் தாண்டி, பாறசாலைப் பக்கம், கேரள எல்லைக்குள் இருக்கிறது. என் தாத்தா காலத்தில் ஆலயத்துக்குள் இடம் போதாமல் முற்றத்தில் ஓலைப்பாய் விரித்து உட்காருவார்களாம். இன்று தமிழ் ஆராதனைக்கு இருபது பேர் வந்தால் பெரிய காரியம். வாலிபர்கள் வளைகுடாவிலும் பெங்களூருவிலும் இருக்கிறார்கள். ஊரில் இருக்கும் பிள்ளைகள் மலையாளப் பள்ளியில் படிப்பதால் தமிழ் வேதாகமத்தை வாசிக்கத் தெரியாது. சில மாதங்களாக நிரந்தரப் போதகர் இல்லை. சபைக் கமிட்டித் தகராறு நீதிமன்றம் வரை போயிருக்கிறது. ஒரு வயதான அம்மாதான் ஞாயிறு தவறாமல் ஆலயத்தைத் திறந்து, பெருக்கி, மணியடிக்கிறார். கிறிஸ்து தம்முடைய சபையை இன்றும் பராமரித்து வருகிறார் என்று பிரசங்கங்களில் கேட்கிறோம். எங்களைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லையே, ஐயா?

பதில்: அன்புச் சகோதரரே, உங்களுக்கு முன்னே இதே கேள்வியைக் கேட்ட சபைகள் உண்டு. முதல் நூற்றாண்டின் இறுதியில், இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதியில் இருந்த ஏழு சபைகள் அவை. அப்போஸ்தலர்கள் ஒவ்வொருவராய்ப் போய்விட்டார்கள். யோவானோ பத்மு தீவில் இருந்தார். வெளியே ரோம அரசின் நெருக்கமும் உள்ளே கள்ளப் போதகமும் இருந்தன. அந்த நிலையில் யோவானுக்குக் காட்டப்பட்டு, வெளிப்படுத்தின விசேஷத்தில் எழுதப்பட்டிருக்கிற தரிசனத்தின் ஒழுங்கைக் கவனியுங்கள். பரலோகத்தின் சிங்காசனம் 4-ஆம் அதிகாரத்தில்தான் வருகிறது. அதற்கு முன்பே, 1-ஆம் அதிகாரத்திலேயே, அவர் கண்டது ஏழு பொன் குத்துவிளக்குகளையும் அவற்றின் நடுவே நின்றவரையும்தான். அந்த விளக்குகள் ஏழு சபைகள் என்று கர்த்தரே விளக்கம் சொல்லுகிறார். எபேசு சபைக்கு எழுதும்போது தம்மை அவற்றின் ‘மத்தியிலே உலாவிக்கொண்டிருக்கிறவர்’ என்று அறிமுகப்படுத்துகிறார்.

அவர் அணிந்திருந்தது நிலையங்கி, மார்பருகே பொற்கச்சை. இது ஆசாரியருடைய உடையை நினைவுபடுத்துகிறது. ஆசரிப்புக் கூடாரத்தில் ஆரோனுடைய அன்றாட வேலைகளில் ஒன்று, காலைதோறும் விளக்குகளை விளக்குவதும் மாலையில் ஏற்றுவதும். அந்த வேலைக்கான கத்தரிகளையும் சாம்பல் பாத்திரங்களையும்கூடப் பசும்பொன்னால் செய்யும்படி யாத்திராகமம் கட்டளையிடுகிறது. கரிந்த திரியை நறுக்கும் கருவிக்கு எதற்குப் பொன் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். தேவனுடைய பார்வையில் அது தாழ்ந்த வேலை அன்று என்பதே எனக்குக் கிடைத்த பதில்.

எங்கள் வீட்டில் மின்சாரம் வருவதற்கு முன்னால் குடும்ப ஜெபத்துக்குப் புன்னைக்காய் எண்ணெய் விளக்கு ஏற்றுவார்கள். ஜெபம் நீண்டால் திரியின் நுனி கரிந்து, பூத்தாற்போல் கட்டிதட்டி, சுடர் சிவந்து புகையத் தொடங்கும். அம்மா கண்ணைத் திறந்து, பாட்டை நிறுத்தாமலே, இரண்டு விரலால் அந்தக் கரியைக் கிள்ளி எடுத்துவிட்டுத் திரியைச் சிறிது தூண்டிவிடுவார்கள். ஒரு கணம் அறையே இருண்டுபோகும். அணைந்துவிட்டது என்றே சிறுவனாகிய நான் நினைப்பேன். பிறகு சுடர் வெள்ளையாய் எழும்பும். அம்மாவின் விரல் நுனி மட்டும் எப்போதும் கறுத்தே இருக்கும். கிறிஸ்துவின் பராமரிப்பைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு அந்த விரல்தான் நினைவுக்கு வருகிறது.

நாம் பராமரிப்பு என்றால் எண்ணெய் ஊற்றுவதை மட்டும் எதிர்பார்க்கிறோம். ஆட்கள் பெருக வேண்டும், காணிக்கை பெருக வேண்டும், கட்டடம் உயர வேண்டும். ஆனால் ஏழு நிருபங்களையும் ஒரே மூச்சில் வாசித்துப் பார்த்தால், அவற்றில் ஐந்து சபைகளுக்குக் கடிந்துகொள்ளுதல் இருப்பதையும், ஏழு சபைகளுக்கும் ‘உன் கிரியைகளை அறிந்திருக்கிறேன்’ என்ற வார்த்தை இருப்பதையும் காண்பீர்கள். கமிட்டித் தகராறைக் கர்த்தர் உண்டாக்கினார் என்று நான் சொல்லமாட்டேன். அது மனுஷருடைய பாவம். ஆனால் பல ஆண்டுகளாக மூடிவைத்திருந்த பதவி ஆசை இப்போது எல்லாருடைய கண்ணுக்கும் முன்பாக வெளிப்பட்டிருக்குமானால், கரிந்ததைக் கிள்ளி எடுக்கும் கை அங்கே இல்லை என்று எப்படிச் சொல்வது? வழக்கில் இரண்டு தரப்பிலும் இருக்கிற பெரியவர்களிடத்தில் நீங்கள் தனித்தனியே போய், இரு தரப்பும் மதிக்கும் ஒரு மூத்த போதகர் முன்பாக உட்கார்ந்து பேசும்படி மன்றாடுங்கள். ஒருமுறை மறுத்தால் மறுபடியும் போங்கள்.

உங்கள் கடிதத்தில் ஒரே வரியில் கடந்துபோன அந்த அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். போதகர் இல்லை, கமிட்டி இல்லை, சம்பளமும் அநேகமாய் இல்லை. ஆயினும் ஞாயிறு தவறாமல் கதவு திறக்கிறது, மணி அடிக்கிறது. அவரை அங்கே நிறுத்திவைத்தது யார்? பிலதெல்பியா சபைக்குக் கர்த்தர் சொன்னதைப் பாருங்கள்: ‘உனக்குக் கொஞ்சம் பெலன் இருந்தும், நீ என் நாமத்தை மறுதலியாமல், என் வசனத்தைக் கைக்கொண்டபடியினாலே, இதோ, திறந்தவாசலை உனக்கு முன்பாக வைத்திருக்கிறேன்.’ கொஞ்சம் பெலன் உள்ள சபை என்று அவரே சொல்லுகிறார். அதைக் குறையாகச் சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு அந்த அம்மா வருவதற்கு முன்பாக நீங்கள் போய் முற்றத்தைப் பெருக்கி வையுங்கள்.

மொழியைப் பற்றியும் எழுதியிருக்கிறீர்கள். எபேசியர் 5:29-இல் ‘கர்த்தர் சபையைப் போஷித்துக் காப்பாற்றுகிறதுபோல’ என்று நம்முடைய தமிழ் வேதாகமம் சொல்லுகிறது. இது முடிந்துபோன செயலாக அல்ல, இப்போது நடக்கிற செயலாகச் சொல்லப்பட்டிருக்கிறது. ‘காப்பாற்றுகிறது’ என்பதற்குரிய கிரேக்கச் சொல்லுக்குக் கதகதப்பாய் அணைத்து வைத்தல் என்பது அடிப்படைப் பொருள். 1 தெசலோனிக்கேயர் 2:7-இல் பால்கொடுக்கிற தாய் தன் பிள்ளைகளைக் காப்பதற்கும், உபாகமத்தின் பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் குஞ்சுகளின்மேல் அணைந்திருக்கும் தாய்ப்பறவைக்கும் அதே சொல் வருகிறது. உங்கள் பிள்ளைகள் வாசிக்கும் மலையாள வேதாகமத்தில் இந்த இடத்தில் ‘போற்றி புலர்த்துக’ என்று இருக்கிறது. தமிழில் போற்றுதல் என்றால் இன்று துதித்தல் என்றே நினைக்கிறோம். ஆனால் பேணி வளர்த்தல் என்ற பொருளும் அதற்கு உண்டு, மலையாளத்தில் அந்தப் பொருள்தான் உயிரோடிருக்கிறது. நாம் சபையில் அவரைப் போற்றுகிறோம். அவரோ, மலையாளப் பொருளில், நம்மைப் போற்றுகிறார். எல்லைப்புறத்தில் இரண்டு மொழியும் தெரிந்த உங்களுக்கு இது கிடைத்த பாக்கியம்.

தமிழ் எனக்கு உயிர். இருந்தும், கிறிஸ்துவின் பராமரிப்பு தமிழ் ஆராதனையோடு முடிந்துபோகும் என்று நான் நம்பவில்லை. சனிக்கிழமை மாலையில் அந்தப் பிள்ளைகளைத் திண்ணையில் உட்காரவைத்து, 23-ஆம் சங்கீதத்தைக்கொண்டு தமிழ் எழுத்தைச் சொல்லிக்கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் மலையாளத்தில் ஒரு பாடம் வாசிக்கவும் இடங்கொடுங்கள். 1956 நவம்பர் 1-இல் விளவங்கோடு தமிழ்நாட்டோடும் நெய்யாற்றின்கரை கேரளத்தோடும் சேர்ந்தபோதும், அதன்பின் 1959-இல் தென் திருவிதாங்கூர் திருமண்டலம் இரண்டாகப் பிரிந்தபோதும், ஒரே குடும்பத்தார் இரண்டு பக்கத்திலும் விடப்பட்டார்கள். எல்லைக் கல் அவர்களுடைய ஜெபத்தை நிறுத்தவில்லை.

போதகர் இல்லாத காலத்தைப் பற்றி நம் மண்ணிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. மயிலாடியைச் சேர்ந்த வேதமாணிக்கம் தஞ்சாவூரில் சுவிசேஷத்தைக் கேட்டு ஞானஸ்நானம் பெற்றுத் திரும்பியவர். அவருடைய ஊருக்கு 1806-இல் லண்டன் மிஷனைச் சேர்ந்த ரிங்கல்தௌபே என்ற ஜெர்மானிய மிஷனரி வந்தார். பத்து ஆண்டு உழைத்து, உடல்நலம் கெட்டு, 1816-இல் அவர் புறப்பட்டுப் போனார். பிறகு என்ன ஆனார், எங்கே மரித்தார் என்பது இன்றுவரை தெளிவாகவில்லை. அடுத்த மிஷனரியாகிய சார்லஸ் மீட் 1818-இல்தான் வந்து சேர்ந்தார். இடைப்பட்ட காலத்தில், சின்னஞ்சிறு சபைகள், அதிலும் சாதிக்கொடுமைக்குக் கீழ்ப்பட்டிருந்த ஏழை மக்களின் சபைகள், சிதறிப்போக எல்லாக் காரணமும் இருந்தது. வேதமாணிக்கம் அவற்றைத் தாங்கிக்கொண்டு நின்றார். மீட் வந்தபோது மேய்ப்பதற்கு மந்தை இருந்தது. ஒரு மேய்ப்பன் கப்பலேறின பிறகும் பிரதான மேய்ப்பர் இந்தக் கரையிலேயே இருந்தார் என்பதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: விசுவாசப் பிரமாணத்தில் கிறிஸ்து பிதாவின் வலது பாரிசத்தில் ‘வீற்றிருக்கிறார்’ என்று சொல்லுகிறோம். நான் தூத்தூர்ப் பக்கத்துக் கடற்கரையைச் சேர்ந்தவள். ஒக்கிப் புயலில் என் அண்ணன் திரும்பி வரவில்லை. அந்த வார்த்தை வரும்போதெல்லாம் என் வாய் அடைத்துப்போகிறது. நாங்கள் கரையில் நின்று கதறியபோது அவர் உட்கார்ந்திருந்தாரா?

பதில்: அன்புத் தங்கையே, நீங்கள் வாய் அடைத்து நின்ற அந்த இடத்தில் மற்றவர்கள் உங்களுக்காகவும் சேர்த்துச் சொல்லட்டும், அதற்காகத்தான் சபை ஒருமித்துச் சொல்லுகிறது.

வீற்றிருத்தல் என்பது ஓய்ந்து உட்காருவது அன்று. அரசன் வீற்றிருந்து நீதி வழங்கினான் என்பது நம் வழக்கு. பாவத்துக்கான பலி முடிந்துவிட்டது, இனி வேறு பலி வேண்டியதில்லை என்பதற்காகவே எபிரெயர் நிருபம் அவர் உட்கார்ந்ததைச் சொல்லுகிறது. அவருடைய கவலை முடிந்துவிட்டது என்று அது சொல்லவில்லை. ‘வேண்டுதல்செய்யும்படிக்கு அவர் எப்பொழுதும் உயிரோடிருக்கிறவர்’ என்றே சொல்லுகிறது. ஸ்தேவான் கல்லெறியப்பட்டபோது அவரை வலது பாரிசத்தில் நிற்கிறவராகக் கண்டான்.

மாற்கு 6-ஆம் அதிகாரத்தை உங்கள் கடற்கரை மக்களைப்போல் புரிந்துகொள்பவர்கள் இல்லை. இயேசு மலையின்மேல் தனியே ஜெபம்பண்ணுகிறார். சீஷர் கடலின் நடுவில், எதிர்க்காற்றில். ‘அவர்கள் தண்டு வலிக்கிறதில் வருத்தப்படுகிறதை அவர் கண்டு’ என்று எழுதியிருக்கிறது. ஜெபிக்கிறவருடைய கண் படகின்மேல் இருந்தது. ஆனாலும் அவர் வந்தது இராத்திரியின் நாலாம் ஜாமத்தில், விடியலுக்குச் சற்று முன்பு. அதுவரை அவர்கள் தனியே வலித்தார்கள்.

அந்தப் படகு கரை சேர்ந்தது; 2017 நவம்பர் 30-இல் உங்கள் அண்ணனுடைய படகு சேரவில்லை. அது ஏன் என்பதற்கு வேதத்தில் பதில் எழுதப்பட்டிருக்கவில்லை. எழுதப்படாததை நான் இட்டுக்கட்டி உங்கள் துக்கத்தின்மேல் வைக்கமாட்டேன். எழுதப்பட்டிருப்பது ஒன்று உண்டு. சவுல் தமஸ்குவுக்குப் போகிற வழியில் கேட்ட சத்தம், ‘நீ என்னை ஏன் துன்பப்படுத்துகிறாய்’ என்று கேட்டது. அடிபட்டவர்கள் தெருவில் இழுத்துச் செல்லப்பட்ட ஆண்களும் பெண்களும், வலித்தது வீற்றிருக்கிறவருக்கு. கதறல் அவருக்கு எட்டாத தூரத்தில் நீங்கள் ஒருபோதும் நிற்கவில்லை. தங்கையே, ‘போதகரே, நாங்கள் மடிந்துபோகிறது உமக்குக் கவலையில்லையா’ என்பதும் வேதத்தில் இருக்கிற ஜெபம்தான். அதையே சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் குலசேகரம் பகுதிக் கூட்டங்களில் ‘உன் விளக்குத்தண்டை நீக்கிவிடுவேன்’ என்ற வசனத்தைச் சொல்லி மக்களைப் பயமுறுத்துகிறார்கள். ‘பாதாளத்தின் வாசல்கள் அதை மேற்கொள்வதில்லை’ என்ற வாக்குத்தத்தம் என்ன ஆனது?

பதில்: ‘என் சபையைக் கட்டுவேன்’ என்று கர்த்தர் சொன்னது முழுச் சபையையும் குறித்து. இந்த ஊர் ஆலயம், அந்தத் திருமண்டலம் என்று ஒவ்வொன்றும் என்றைக்கும் நிற்கும் என்று அவர் வாக்குக்கொடுக்கவில்லை. இதை மறைத்துப் பேசுவது நல்லதல்ல. அந்த எச்சரிப்பைப் பெற்ற எபேசு இன்று இடிபாடு. ஆற்று வண்டல் துறைமுகத்தைத் தூர்த்து, பட்டணமே பாழாய்ப்போயிற்று. கண்டிக்கப்படாத இரண்டு சபைகளில் ஒன்றாகிய சிமிர்னாவோ இன்று இஸ்மிர் என்ற பெரிய நகரம். அங்கே கிறிஸ்தவ சபைகள் இன்னும் இருக்கின்றன.

ஆனால் அந்த எச்சரிப்பு வந்த உடனே எபேசுவின் விளக்கு நீக்கப்படவில்லை. இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தியோகியாவின் கண்காணியாகிய இக்னாசியு, மரணத்துக்கு ரோமாபுரிக்குக் கொண்டுபோகப்படுகிற வழியில், எபேசு சபைக்கு ஒரு நிருபம் எழுதினார். அதில் அந்தச் சபையின் அன்பையும் ஒழுங்கையும் மெச்சுகிறார். ஆதி அன்பை விட்டாய் என்று கர்த்தரால் கடிந்துகொள்ளப்பட்ட சபை அது. கி.பி. 431-இல் உலகத் திருச்சபையின் ஆலோசனைச் சங்கமும் அங்கேதான் கூடியது. கடிந்துகொண்டவர் மூன்றுக்கும் மேற்பட்ட நூற்றாண்டுகள் அந்தத் திரியைத் தூண்டிக்கொண்டே இருந்திருக்கிறார்.

உங்கள் பிரசங்கியார் அடுத்த முறை அந்த வசனத்தை எடுக்கும்போது, வெளிப்படுத்தின விசேஷம் 2-ஆம் அதிகாரத்தில் அந்த 5-ஆம் வசனத்துக்கு முன்னே 2-ஐயும் 3-ஐயும் வாசிக்கச் சொல்லுங்கள். உன் பிரயாசத்தையும் உன் பொறுமையையும் அறிந்திருக்கிறேன் என்று அங்கே இருக்கிறது. 7-ஆம் வசனத்துக்கு முன்னால் நிறுத்தவும் வேண்டாம். ஜீவவிருட்சத்தின் கனி அந்த வசனத்தில்தான் இருக்கிறது.