காவடிப் படத்தில் முகம் கறுத்துப்போகிறதா?

காவடி எடுப்பவர்களின் முகம் படத்தில் கறுத்துப்போகிறது, கேமராவையே விற்றுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். விற்க வேண்டாம். கேமராவில் +/- குறியோடு இருக்கும் வெளிச்ச அளவை (exposure compensation) +1-க்கு ஏற்றிவிட்டு எடுங்கள். மொரீஷியசின் கோர் தெ கார்த் மலைக்கோயில் படிகளில் கீழிருந்து மேல்நோக்கி எடுத்ததாகச் சொல்கிறீர்கள், சிக்கல் அங்கேதான். பின்னால் பளிச்சென்று இருக்கும் வானத்தைப் பார்த்துவிட்டு கேமரா மொத்தப் படத்தையும் இருட்டாக்கிவிடுகிறது.

போதாததற்கு, தைப்பூச சமயத்தில் மொரீஷியசில் நடுப்பகல் சூரியன் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு நேர்மேலே நிற்கும். காவடி வளைவின் நிழலும் சேர்ந்து, கண் இருக்குமிடத்தில் இரண்டு குழிதான் தெரியும். காலையிலேயே, ஊர்வலம் கிளம்பும்போது எடுப்பது நல்லது.

வீட்டில் யாரையாவது வானத்துக்கு எதிரே நிறுத்தி 0, +1, +1.5 என மூன்று படம் எடுத்துப் பாருங்கள். போன் என்றால் முகத்தைத் தொட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியை மேலே தள்ளினால் போதும்.

வானம் வெளுத்துத்தான் போகும். அது பிடிக்காவிட்டால் மேல்படியில் நின்று கீழ்நோக்கி எடுங்கள். பின்னணியில் வானத்துக்குப் பதில் ரோசா நிற உடையில் பக்தர் கூட்டம் வரும்.

அப்புறம், முகத்தோடு நிற்காதீர்கள். போன வருடம் நான் எடுத்ததில் எனக்குப் பிடித்தது, முதல்நாள் இரவு காவடிக்குத் தென்னங்குருத்து பின்னிய ஒரு பாட்டியின் விரல்கள். அலகு குத்தும்போது மட்டும் கேட்டுவிட்டு எடுங்கள்.