முதல் கீமோவுக்கு முன் (கடிதம்)

வணக்கம்.
என் அக்கா மகனுக்கு வயது 19. முழங்காலுக்கு மேல் வீக்கம் என்று போனோம்; பயாப்சியில் ஆஸ்டியோசார்கோமா, அதாவது எலும்புப் புற்றுநோய் என்று வந்துவிட்டது. அடுத்த வாரம் கீமோ. அவனிடம் 'எலும்பில் கட்டி' என்று மட்டும் சொல்லியிருக்கிறோம். யாரோடும் பேசாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறான். மனதைத் தேற்ற என்ன புத்தகம் கொடுக்கலாம்?
கு., திருச்சி

அன்புள்ள கு.,

புத்தகம் இப்போது வேண்டாம். கீமோ ஏறும் நாட்களில் குமட்டலும் அசதியும் பத்து வரி படிக்க விடாது. நீள வயர் உள்ள சார்ஜர் ஒன்று வாங்கிக் கொடுங்கள்.

நோயின் பெயரை மறைப்பதா? ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடப்போவது அவன்தான். ரிப்போர்ட்டில் உள்ள சொல்லைப் போனில் தட்டிப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்? இந்த நாடகத்தை இன்றே நிறுத்துங்கள்.

உங்கள் கடிதத்தில் நான் தேடிய வரி வேறு. விந்தணுவைச் சேமித்து வைக்க ஏற்பாடு செய்தீர்களா? வீட்டில் யாரும் வாயெடுத்திருக்க மாட்டீர்கள். உயிர் பிழைக்கட்டும், கல்யாணப் பேச்சு அப்புறம் என்பீர்கள். அப்புறம் என்பது இதில் கிடையாது.

இந்த நோய்க்கு வழக்கமாகக் கொடுப்பது சிஸ்பிளாட்டின், டாக்சோரூபிசின், அதிக அளவு மெதோட்ரெக்சேட். சிஸ்பிளாட்டினின் மொத்த அளவு ஏற ஏற விந்தணு உற்பத்தி அடிபடும். ஐபாஸ்ஃபமைடு என்ற மருந்தும் சேர்ந்தால் ஆபத்து கூடும். சிலருக்குச் சில வருடங்களில் திரும்பும், சிலருக்குத் திரும்பாது. யாருக்கு என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. இதை ஆண்மையோடு போட்டுக் குழப்பாதீர்கள். ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் சுரக்கும் செல்கள் கீமோவைப் பெரும்பாலும் தாங்கிவிடும். இதை அவனிடம் முதலில் சொல்லுங்கள். கேட்க நா எழாமல் கிடப்பது இதற்காகவும் இருக்கலாம்.

முதல் டோஸ் ஏறுவதற்கு முன்பே விந்து மாதிரியை எடுத்துவிட வேண்டும். ஏறிய பிறகு எடுக்கும் மாதிரியில் மரபணுச் சேதம் இருக்கக்கூடும். நாளைக்கே புற்றுநோய் மருத்துவரிடம் கேட்டு, விந்து உறைய வைக்கும் வசதியுள்ள கருத்தரிப்பு மையத்துக்குக் கடிதம் வாங்குங்கள். எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, சி ரத்தப் பரிசோதனைகளைக் கேட்பார்கள். மாதிரி கொடுக்குமுன் விந்து வெளியேற்றாமல் இரண்டு மூன்று நாள் இடைவெளி விடுவது நல்லது. நேரமில்லையென்றால் ஒருநாள் விட்டு ஒருநாள் இரண்டு மூன்று மாதிரி கொடுத்தாலும் போதும். மாதிரி எடுக்கும்போது எண்ணெய், எச்சில், சாதாரண ஆணுறை எதுவும் கூடாது, அணுக்கள் செத்துவிடும். முதலில் வரும் பகுதியில்தான் அணுக்கள் அதிகம். அது சிந்திவிட்டால் மறைக்காமல் லேபில் சொல்ல வேண்டும். நோயின் அலைச்சலில் எண்ணிக்கை குறைவாக இருந்தாலும் கைவிட வேண்டாம். முட்டைக்குள் ஒரே அணுவை ஊசியால் செலுத்தும் இக்ஸி முறைக்குக் கொஞ்சம் இருந்தால் போதும். மாதிரி கொடுக்கவே முடியாவிட்டால் விந்தகத்திலிருந்து ஊசி மூலமோ சிறு அறுவையிலோ எடுக்க வழியுண்டு. மைனஸ் 196 டிகிரி செல்சியஸ் திரவ நைட்ரஜனில் வருடக்கணக்கில் கெடாது.

இதை அக்காவால் அவனிடம் பேச முடியாது. தாய்மாமன் என்பது காதுகுத்துக்குச் சீர் தூக்கி வருவதற்கு மட்டுமா? எல்லோரையும் டீ குடிக்க அனுப்பிவிட்டு நீங்கள் பேசுங்கள். மையத்துக்கும் நீங்களே கூட்டிப் போங்கள். அக்கா அறைவாசலில் நின்றால் அவனால் முடியாது. சேமிப்புக்கு வருடக் கட்டணம் உண்டு. படிவத்தில் உங்கள் எண்ணோடு அவன் எண்ணையும் எழுதுங்கள். புதுப்பிக்கச் சொல்லி வரும் எஸ்எம்எஸ் அவனுக்கும் போக வேண்டும்.