ஐந்தாண்டுக் கணக்கும் அன்றாடக் கணக்கும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். 1999இல் ஒரே ஓட்டில் வாஜ்பாய் அரசு கவிழ்ந்தது பற்றி வீட்டில் பேச்சு வந்தது. கல்லூரியில் படிக்கும் என் பேத்தி, "ஜனங்க அஞ்சு வருஷத்துக்குத்தானே ஓட்டுப் போட்டாங்க, நடுவுல கவிழ்க்க இவங்க யாரு?" என்று கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. எங்கள் பக்கத்தார் கடல் கடந்து வியாபாரத்துக்கு, அதாவது கொண்டுவிற்கப் போன காலத்தில், மேலாளிடம் கடையை ஒப்படைத்தால் மூன்று வருஷக் கணக்கு முடிந்த பிறகுதான் முதலாளி கணக்கு கேட்பார் என்பார்கள். ஆட்சியையும் அப்படி விட்டுவிட்டால் என்ன? அமெரிக்காவைப் போலத் தலைவரை நேரே தேர்ந்தெடுத்துவிடலாமே? எங்கள் எம்.பி.க்கு அங்கே என்னதான் வேலை?

மெ., காரைக்குடி

அன்புள்ள மெ. அவர்களுக்கு,

உங்கள் பேத்தியின் கேள்வி நியாயமானது. பாடப்புத்தகங்கள் தேர்தலோடு நிறுத்திக்கொள்வதால் வரும் கேள்வி அது. நாம் பிரதமருக்கு ஓட்டுப் போடுவதில்லை. திருமயம், ஆலங்குடி, காரைக்குடி, திருப்பத்தூர், சிவகங்கை, மானாமதுரை ஆகிய ஆறு சட்டமன்றத் தொகுதிகளும் சேர்ந்து ஓர் ஆளை மக்களவைக்கு அனுப்புகின்றன. அப்படி வந்த 543 பேரில் பெரும்பான்மையோரின் ஆதரவு யாருக்கு இருக்கிறதோ அவரைக் குடியரசுத் தலைவர் பிரதமராக நியமிக்கிறார். முழு அவையில் அதற்கு 272 பேர் வேண்டும். ஐந்தாண்டு என்பது அவையின் அதிகபட்ச ஆயுள். அரசுக்கென்று தனி ஆயுள் எதுவும் அரசமைப்பில் இல்லை. அமைச்சரவை மக்களவைக்குக் கூட்டுப்பொறுப்புள்ளது என்கிறது 75ஆம் பிரிவு. அவை வேண்டாம் என்ற அன்றே அது போக வேண்டும். அமெரிக்க அதிபரைத் தேர்ந்தெடுப்பவர்களும் 538 தேர்வாளர்கள்தான். ஆனால் அவரை அரசியல் காரணத்துக்காக நடுவில் இறக்க அங்கே வழி கிடையாது, நம் முறையில் உண்டு.

எப்படி இறக்குவது? நம்பிக்கையில்லாத் தீர்மானத்துக்கு ஓர் உறுப்பினர் காலை பத்து மணிக்குள் எழுத்தில் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். அவையில் 50 பேர் எழுந்து நின்று ஆதரித்தால் பத்து நாளுக்குள் விவாதம் நடக்க வேண்டும். முதல் தீர்மானம் 1963 ஆகஸ்டில் நேருவுக்கு எதிராக ஆச்சார்ய கிருபளானி கொண்டுவந்தது. 62 பேர் ஆதரவு, 347 பேர் எதிர்ப்பு. ஆனால் இன்றுவரை மத்தியில் எந்த அரசும் இந்தத் தீர்மானத்தின் வாக்கெடுப்பில் கவிழ்ந்ததில்லை. 1990இல் வி.பி. சிங், 1997இல் தேவ கவுடா, 1999இல் வாஜ்பாய் ஆகிய மூவருமே தாங்களே கேட்ட நம்பிக்கை வாக்கில்தான் தோற்றார்கள். ஆதரவுக் கட்சி விலகியதும் "அவையில் நிரூபியுங்கள்" என்று குடியரசுத் தலைவர் கேட்பதால் வரும் நிலை அது. 1999 ஏப்ரல் 17இல் ஆதரவு 269, எதிர்ப்பு 270. வந்து வாக்களித்தவர்களின் கணக்கு மட்டுமே எடுபடும் என்பதால், வராமல் இருப்பவரும் முடிவை மாற்றுகிறார்.

இதைவிட முக்கியமானது பணம். அவையின் உண்மையான பிடி அங்கேதான் இருக்கிறது. காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆய்வகமான சிக்ரியையே எடுத்துக்கொள்ளுங்கள். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து வரவழைத்த ஆய்வகம் அது. இன்று அதற்கு வரும் மத்திய அரசுப் பணம் அறிவியல், தொழில் ஆராய்ச்சித் துறையின் மானியக் கோரிக்கை, அதாவது அந்தத் துறைக்கு இவ்வளவு பணம் வேண்டும் என்று அரசு அவையிடம் வைக்கும் கோரிக்கை வழியாக வருகிறது. பிப்ரவரி 1இல் பட்ஜெட் வைக்கப்படும். பொது விவாதம் முடிந்ததும் அவை சில வாரம் ஒத்திவைக்கப்படும். அந்த இடைவெளியில் துறைவாரி நிலைக்குழுக்கள் கோரிக்கைகளைப் பரிசீலிக்கும். மொத்தம் 24 குழுக்கள், ஒவ்வொன்றிலும் 31 பேர். பிறகு மக்களவை ஒவ்வொரு கோரிக்கையாக வாக்களிக்கும். ஒரு துறையின் தொகையை ஒரு ரூபாயாகக் குறைக்கக் கேட்டால் அது கொள்கை வெட்டு. நூறு ரூபாய் குறைக்கக் கேட்டால் ஒரு குறையைச் சுட்டும் அடையாள வெட்டு. அந்த நூறு ரூபாய் வெட்டு நிறைவேறினாலும் அரசு அவையின் நம்பிக்கையை இழந்ததாகவே பொருள். கடைசியில் நிதி ஒதுக்க மசோதா. அது சட்டமாகாமல் தொகுப்பு நிதியிலிருந்து, அதாவது அரசின் பொதுக் கருவூலத்திலிருந்து ஒரு காசு எடுக்க முடியாது. மாநிலங்களவை இது போன்ற பண மசோதாவை 14 நாளுக்கு மேல் வைத்திருக்க முடியாது, தடுக்கவும் முடியாது.

உங்கள் மேலாள் கணக்கு இங்கே பொருந்தாது. இந்த மேலாள் ஒவ்வோர் ஆண்டும் செலவுக்கு முன்பே அனுமதி வாங்க வேண்டியவர். ஆளே மாறினாலும் கணக்கு நிற்காது. 1997 பிப்ரவரி 28இல் உங்கள் தொகுதி எம்.பி.யும் நிதியமைச்சருமாக இருந்த கண்டனூர் சிதம்பரம் பட்ஜெட் வைத்தார். ஏப்ரல் 11இல் தேவ கவுடா அரசு கவிழ்ந்தது. குஜ்ரால் அரசு வந்து அதே பட்ஜெட்டை மே மாதம் நிறைவேற்றியது.

இது சட்டத்தில் இருப்பது. நடப்பில் இரண்டு இடத்தில் கெடுகிறது. ஒன்று, கில்லட்டின். குறித்த நாளில் சபாநாயகர் விவாதத்தை நிறுத்தி, மீதிக் கோரிக்கைகளை மொத்தமாக ஓட்டுக்கு விடுவார். ஆண்டுதோறும் பெரும்பாலான துறைகள் இப்படித்தான் பேச்சின்றிக் கடந்துபோகின்றன. கூட்ட நாட்களைக் கூட்டாமல் இதற்கு வழியில்லை.

மற்றது கொறடா உத்தரவு, அதாவது இப்படித்தான் ஓட்டுப் போட வேண்டும் என்று கட்சி தன் உறுப்பினர்களுக்கு இடும் கட்டளை. 1985இன் கட்சித்தாவல் தடைச் சட்டப்படி, கட்சி உத்தரவை மீறி வாக்களித்தாலோ வாக்களிக்காமல் இருந்தாலோ, கட்சி 15 நாளுக்குள் மன்னிக்காவிட்டால், பதவி போகும். விலைக்குப் போகிறவர்களைத் தடுக்க வந்த சட்டம், மனசாட்சிப்படி ஓட்டுப் போடுகிறவரையும் சேர்த்துக் கட்டிப்போட்டது. முடிவெடுப்பவர் சபாநாயகர். அவருக்குச் சட்டத்தில் காலக்கெடு இல்லை. பிரிட்டனில் கொறடாவை மீறினால் கட்சியில் இடம் போகலாம், எம்.பி. பதவி போகாது. நம்பிக்கை வாக்கெடுப்புகளுக்கு மட்டும் இந்தத் தடையை வைக்கலாம் என்று 1990லேயே தினேஷ் கோஸ்வாமி குழு சொன்னது. என் கருத்தும் அதுதான், நிதி மசோதாவை மட்டும் கூடச் சேர்த்துக்கொள்வேன். மற்ற மசோதாக்களில் உங்கள் எம்.பி. உங்களுக்காக ஓட்டுப் போடட்டும்.

அதுவரை அவருக்கு வேலை இல்லையா? உண்டு, கேள்வி. அதில் கொறடா குறுக்கிடுவதில்லை. மக்களவையில் காலை 11 மணிக்குக் கேள்வி நேரம். நட்சத்திரக் கேள்விகள் நாளுக்கு 20. அமைச்சர் வாயால் பதில் சொல்ல வேண்டும், துணைக் கேள்வியும் கேட்கலாம். மற்றவற்றுக்கு எழுத்தில் பதில். குறைந்தது 15 முழு நாட்கள் முன்னதாக அறிவிப்பு வேண்டும், குலுக்கலிலும் வர வேண்டும். ஆகவே கூட்டத்தொடர் அறிவிப்பு வந்த வாரமே உங்கள் பேத்தி எம்.பி. அலுவலகத்துக்கு ஒரு பக்கக் கடிதம் கொடுக்கட்டும். "சிக்ரியைக் கவனியுங்கள்" என்று எழுதினால் கேள்வியாகாது. கடந்த மூன்று நிதியாண்டுகளில் ஒதுக்கியது எவ்வளவு, செலவானது எவ்வளவு, நிரப்பாத அறிவியலாளர் பணியிடம் எத்தனை, எப்போது நிரப்புவீர்கள் என்று எழுதட்டும். "ஆவன செய்யப்படும்" என்ற வகையில் அமைச்சர் வாக்குக் கொடுத்தால் அது உறுதிமொழிக் குழுவின் பட்டியலில் ஏறும். மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும், முடியாவிட்டால் அந்தக் குழுவிடம் அவகாசம் கேட்க வேண்டும்.

அன்புடன்,
ஆசிரியர்