வரிக்காகவா வெளிநாடு?

கேள்வி: வசதியும் திறமையும் உள்ளவர்கள் வேறு நாட்டில் குடியேறுவது வரியை மிச்சம் பிடிக்கத்தானா?

பதில்: பெரும் பணக்காரர்களுக்கு வரி ஒரு பெரிய ஈர்ப்பு. இத்தாலி 2017-இல், புதிதாகக் குடியேறுவோரின் வெளிநாட்டு வருமானம் முழுவதற்கும் சேர்த்து ஆண்டுக்கு 1 லட்சம் யூரோ கட்டினால் போதும் என்றது. 2024-இல் அதை 2 லட்சமாக்கியது. ஐக்கிய அரபு அமீரகத்தில் சம்பளத்துக்கு வருமான வரியே இல்லை.

ஆனால் சம்பளத்தில் வாழும் மருத்துவரோ பொறியாளரோ பார்ப்பது வேறு: நிரந்தரமாகத் தங்கும் உரிமைக்கு எத்தனை ஆண்டு, கணவன் அல்லது மனைவி வேலை பார்க்கலாமா, பிள்ளைகளின் படிப்பு. மருத்துவர்களுக்குப் பெரும்பாலும் சிக்கல் விசாவில் அல்ல, உரிமத்தில்தான். பல நாடுகளில், விசா கையில் இருந்தும், உள்ளூர்த் தேர்வு எழுதாமல் நோயாளியைத் தொட முடியாது. இதை முதலிலேயே விசாரித்துவிடுங்கள்.

வரிக்காகவே போகிறவர்கள் சறுக்கும் இடம் 183 நாள் கணக்கு, அதாவது ஆண்டில் அத்தனை நாள் தங்கினால் அங்கே வரி என்று பல நாடுகள் வைத்திருக்கும் விதி. பழைய நாட்டில் அதற்குக் குறைவாகத் தங்கினாலும், வீடும் குடும்பமும் அங்கேயே இருந்தால் அந்த நாடு வரி கேட்கலாம். அமெரிக்கக் குடிமக்களுக்கு நாள் கணக்கே உதவாது. எங்கே வாழ்ந்தாலும் அவர்களின் உலக வருமானம் அமெரிக்க வரிச் சட்டத்துக்குள்தான். முதலீட்டு விசாவை (அந்த நாட்டில் முதலீடு செய்தால் தங்க அனுமதி தரும் விசா) நம்பி அவசரமாக வீடு வாங்காதீர்கள், விதி மாறும்: போர்ச்சுகல் 2012-இல் திறந்த வீட்டு முதலீட்டு வழியை 2023-இல் மூடிவிட்டது.