டியூப்பை மாற்றியதும் காய்ச்சல் நின்றது ஏன்?

வணக்கம் ஐயா,

அப்பா படுக்கையில் இருந்த நான்கு மாதமும் யூரின் டியூப் போட்டிருந்தோம். மூன்று முறை குளிர்காய்ச்சல். ஒவ்வொரு முறையும் கல்ச்சர் ரிப்போர்ட்டில் அதே கிருமி, அதே மருந்துக்கு ‘சென்சிட்டிவ்’, அதாவது அந்த மருந்தில் சாகும் என்று. ஊசி போட்டால் அடங்கும், பத்து நாளில் திரும்ப வரும். கடைசியில் ஒரு டாக்டர் டியூப்பை மாற்றிவிட்டு அதே மருந்தைக் கொடுத்தார், நின்றுவிட்டது. ‘பயோஃபிலிம்’ என்றார். கழற்றிய டியூப்பின் நுனியில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாக ஒட்டியிருந்தது. அப்படியானால் லேப் ரிப்போர்ட் தப்பா? பயோஃபிலிமில் நல்லதும் உண்டு என்கிறார்களே, நிஜமா?

ரா., கும்பகோணம்

அன்புள்ள ரா.,

ரிப்போர்ட் சரிதான். லேபில் சோதித்தது சிறுநீரில் மிதந்து வந்த கிருமியை. காய்ச்சலைத் திரும்பத் திரும்பக் கொண்டுவந்தது டியூப்பின் சுவரில் ஒட்டியிருந்த அதன் கூடப்பிறப்பு.

இந்த வித்தியாசத்தை 1680களிலேயே ஒருவர் பார்த்துவிட்டார். ஹாலந்தின் டெல்ஃப்ட் நகரத்துத் துணி வியாபாரி லேவன்ஹுக், தன் பல்லில் படிந்த காரையைச் சுரண்டித் தானே செய்த லென்ஸில் பார்த்தவர். சுரண்டியதில் வினிகர் கலந்தால் உள்ளே நெளிந்தவை செத்தன. அதே வினிகரில் வாய் கொப்பளித்தால் காரையின் வெளிப்புறத்தில் இருந்தவை மட்டும்தான் செத்தன.

கிருமிகள் தாங்களே சுரந்த பிசினுக்குள் அடுக்கடுக்காகக் குடியிருப்பதுதான் பயோஃபிலிம். பிசின் மருந்தை உள்ளே விடாது என்று பொதுவாக எழுதிவிடுகிறார்கள். அது பாதிதான் சரி. பல மருந்துகள் உள்ளே போய்விடும், போயும் பிரயோஜனம் குறைவு. அடியடுக்கில் தீனியும் இல்லை, ஆக்சிஜனும் இல்லை. கிருமி ஏறக்குறையத் தூங்குகிறது. பெனிசிலின் வகை மருந்துகள் கிருமி தன் சுவரைக் கட்டும்போது அதைக் கெடுத்துக் கொல்பவை. கட்டட வேலையே நடக்காத இடத்தில் அவை எதைக் கெடுக்கும்?

1944இல் ஜோசப் பிகர் என்ற ஐரிஷ் ஆய்வாளர், பெனிசிலினில் சாகாமல் மிஞ்சிய சில ஸ்டாஃபிலோகாக்கஸ் பாக்டீரியாக்களை எடுத்து வளர்த்தார். அவற்றின் வாரிசுகள் பெனிசிலினுக்குப் பழையபடியே செத்தன. எதிர்ப்புச் சக்தி வந்திருக்கவில்லை, பதுங்கியிருந்திருக்கின்றன. உங்கள் ரிப்போர்ட் மூன்று முறையும் ‘சென்சிட்டிவ்’ என்று வந்ததற்கு இது பொருந்துகிறது.

அப்புறம் அந்தச் சுண்ணாம்பு. ரிப்போர்ட்டில் ‘புரோட்டியஸ்’ என்று இருந்திருந்தால் ஆச்சரியப்பட மாட்டேன். அது யூரியாவை உடைத்து அம்மோனியா ஆக்கும், சிறுநீர் காரமாகும், கால்சியம், மெக்னீசியம் பாஸ்பேட்டுகள் பிசினிலேயே படிந்து இறுகும். சில சமயம் டியூப்பே அடைத்துக்கொள்ளும்.

உங்கள் டாக்டர் செய்தது முறையான வைத்தியம். இரண்டு வாரத்துக்கு மேலான டியூப் என்றால் புதிது போட்டு, அதிலிருந்து கல்ச்சருக்கு எடுக்க வேண்டும் என்று அமெரிக்கத் தொற்றுநோய் மருத்துவர் சங்கத்தின் 2009 வழிகாட்டுதலே சொல்கிறது.

நல்லதும் உண்டா என்றால், நிறைய. ஜெர்மனியில் 1823 முதல் வினிகரை வேகமாகச் செய்ய ஒரு வழி இருந்தது. பீப்பாயில் பீச் (beech) மரச் சீவல்களை நிரப்பி, மேலிருந்து ஆல்கஹாலைச் சொட்டவிடுவார்கள். சீவலில் ஒட்டிய பாக்டீரியா அதைப் புளிக்கவைக்கும். எவ்வளவு ஊற்றினாலும் அடித்துக்கொண்டு போகாது, அதனால் அதே சீவல் வருஷக்கணக்கில் ஓடும். அதற்கு முந்தைய பழைய முறையில் ஒயின்மேல் ஆடை மாதிரி ஒரு படலம் கட்டும். அதுவும் பயோஃபிலிம்தான். லேவன்ஹுக் வாய் கொப்பளித்தாரே, அந்த வினிகர் அப்படி வந்ததுதான்.